பென்சிலில் போட்ட கட்டம்

பெரிய காஞ்சிபுரம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சுகாசினி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நான் கத்தினேன் என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். நான் கத்தவில்லை. காதில் மாட்டியிருக்கும் மிஷின், போனைக் கிட்டே கொண்டுபோனால் விசில் அடிக்கிறது. அந்த விசிலுக்கு மேலே பேச வேண்டியிருக்கிறது. அதனால் இனிமேல் நம் குடும்பப் படம் சம்பந்தப்பட்ட எல்லாமே கடிதத்தில்தான். எழுத்தில் இருந்தால் நாளைக்கு நீயும் ‘நான் அப்படிச் சொல்லலப்பா’ என்று நழுவ முடியாது, நானும் நழுவ முடியாது.

நான்காவது படத்தை இதோடு வைத்திருக்கிறேன். வழக்கம்போல டிசைன் போடும் கிராஃப் தாள்தான். முப்பத்திரண்டு வருஷம் பட்டுப்புடவைக் கரைக்கு மயிலும் அன்னமும் போட்ட கை, கட்டம் இல்லாத காகிதத்தில் ஓட மாட்டேன் என்கிறது. ஆளுக்கு ஒரு கட்டம். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்குப் பச்சை. காலமானவர்களுக்கு உள்ளே ஒரு புள்ளி. கீழே நீ, அதற்கு மேல் நாங்கள், அப்படியே மேலே ஏறிப் போக வேண்டும். கவனமாகப் பார். கரையில் ஒரு கட்டம் பிசகினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். இதுவும் அப்படித்தான்.

தை அமாவாசைக்கு சர்வதீர்த்தக் குளத்துக்குப் போயிருந்தேன். போன ஆடி அமாவாசையில் ஐயர் “அப்பாவோட தாத்தா பேரு?” என்று கேட்க, நான் திருதிருவென்று விழித்து, பின்னால் நின்றவன் சிரித்து, அந்த அவமானத்தில்தானே நாம் இந்த வேலையையே ஆரம்பித்தோம். இந்த முறை அவர் வாயைத் திறக்கும் முன்பே மூன்று தலைமுறையையும் ஒப்பித்துவிட்டேன். “மெதுவா சொல்லுங்க, தண்ணி விட வேணாமா?” என்றார். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

உன் அம்மாவுக்கு மட்டும் இதில் பிரியமில்லை. “இருக்கிறவங்க எப்படி இருக்கிறாங்கன்னு கேக்க நேரமில்ல, அப்பனும் பொண்ணும் செத்தவங்கள தேடிக்கினு இருக்கீங்க” என்கிறாள்.

திருத்தம் இருந்தால் எழுது.

அப்பா
உமாபதி


புனே
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பா,

பத்து வருஷத்துக்குப் பிறகு பேனா பிடித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து டாக்டர் சீட்டு என்று நினைத்து மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

படம் வந்தது. ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் ‘இது என்ன, எம்பிராய்டரியா?’ என்று கேட்டாள். என் குடும்பம் என்றேன்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் படாதபாடு படுகிறேன். நம் குடும்பத்தைப் பார்த்தால் அந்த சாஃப்ட்வேருக்குத் தலை சுற்றுகிறது. உங்கள் பெயரைப் போட்டால், ‘உமாபதி என்று ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இருவரும் ஒருவரா?’ என்று கேட்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கமடா என்று அதற்கு யார் சொல்வது? அம்மாவைப் போட்டால் இன்னும் மோசம். உங்கள் அம்மா காமாட்சியம்மாளின் அண்ணன் மகள்தானே என் அம்மா. அதனால் உங்கள் பக்கம் ஏறினாலும் அம்மா பக்கம் ஏறினாலும் ஒரே கொள்ளுத்தாத்தா வீட்டில் போய் நிற்கிறேன். உடனே சிவப்பில் எச்சரிக்கை. நான் ஒவ்வொரு முறையும் ‘ஆம், சரிதான்’ என்று அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறதுப்பா. இத்தனை வருஷமாக நாம் ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறோம்?

ஒரு சந்தேகம். உங்கள் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. வண்ணம் இல்லை, பெயர் இல்லை, பென்சிலில் கோடு மட்டும். உள்ளே புள்ளி இருக்கிறது. யார் அது? முந்தைய மூன்று படங்களிலும் இல்லையே.

உங்கள்
சுகா


பெரிய காஞ்சிபுரம்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள சுகாசினி,

உன் கண்ணில் படுமா என்று பார்க்கத்தான் போட்டேன். பட்டுவிட்டது. உனக்கு நான் இதைச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, பேச்சு வரவில்லை.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் வழக்கப்படி என்னைத் தவிட்டுக்கு வாங்கினார்கள். உன்னையும் சின்ன வயதில் ‘தவிட்டுக்கு வாங்கின பொண்ணு’ என்று சொல்லி அழ வைத்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? அது விளையாட்டு. என் விஷயத்தில் நிஜமாகவே செய்தார்கள். பிள்ளையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவள் பிள்ளை ஆகிவிடும். பிறகு ஒரு முறம் தவிடு கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து போவானாம்.

என்னைக் கொடுத்தது முசரவாக்கம் கிராமத்து மணியம்மாளிடம். நம் தெருவுக்குப் பால் கொண்டுவந்து ஊற்றிய விவசாயக் குடும்பத்துப் பெண். அவளும் அதே வாரம்தான் ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். கொடுத்த கையோடு வாங்கிவிடுவதுதான் முறை. ஆனால் என் அம்மாவுக்குப் பிரசவத்தோடு காய்ச்சல் கண்டு, பிழைப்பதே சந்தேகம் என்று ஆகிவிட்டது. பால் இல்லை. அதனால் மூன்று மாசம் நான் முசரவாக்கத்திலேயே இருந்தேன். மணியம்மாள் இரண்டு பேருக்கும் பால் கொடுத்தாள். அந்த மூன்று மாசத்துக்குள் அவள் பிள்ளை போய்விட்டது. பிறகுதான் தவிடு கொடுத்து என்னை வாங்கி வந்தார்கள். பெயர் வைத்ததும் வந்த பிறகுதான். கண் பட்டுவிடும் என்று அதுவரை வைக்கவில்லை.

என்னோடு பால் குடித்த அந்தப் பிள்ளைக்குத்தான் அந்தக் கட்டம். நம் படத்தில் அதற்கு இடம் உண்டா இல்லையா என்று தெரியாததால் பென்சில்.

இன்னொன்று. நான் என் அம்மாவைக் கடைசிவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டேன். அம்மா என்று கூப்பிட விடமாட்டார். எமனுக்குத் தெரிந்துவிடும் என்று. மணியம்மாளைத்தான் ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும். பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு ஒரு புடவை கொண்டுபோய்க் கொடுப்போம். அவள் 1983இல் காலமான பிறகு போக்குவரத்து நின்றுவிட்டது.

அப்பா


புனே
10 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் குழந்தைக்குக் கட்டாயம் இடம் உண்டு. நான் கம்ப்யூட்டரிலும் சேர்த்துவிட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. என் வேலையே அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதானே, அந்தப் பழக்கம். ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள். இரண்டுக்கும் பெயர் இல்லை. மூன்று மாசம் நம் வீட்டார் யாரும் கூட இல்லை. பாட்டிக்கோ காய்ச்சலில் பிள்ளை முகமே சரியாகத் தெரிந்திருக்காது. இரண்டில் ஒன்று போய்விட்டது. போனது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சும்மா தோன்றியது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

சுகா


பெரிய காஞ்சிபுரம்
19 மார்ச் 2025

சுகாசினி,

நான் சிரிக்கவில்லை.

ஓட்டை பார்ப்பது உன் தொழிலாக இருக்கலாம். அதைப் பெற்றவர்கள் மேல் காட்டாதே. என் அம்மாவுக்குத் தன் பிள்ளை தெரியாதா? மணியம்மாளுக்குத் தெரியாதா? தெரிந்தே மாற்றிக் கொடுத்தாள் என்கிறாயா? சோறு போட்ட கையைக் கடிப்பது மாதிரி இருக்கிறது.

நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. எழுபத்தோரு வருஷம் தோன்றாத ஒன்று, நீ ஒரு வரி எழுதியதும் உட்கார்ந்தால் எழுந்தால் கூடவே வருகிறது. என் அம்மா தன்னை அக்கா என்று கூப்பிடச் சொன்னது எமனுக்குப் பயந்துதானா? பொங்கலன்று முசரவாக்கம் போனால் என்னை முன்னால் தள்ளி, “போ, உங்கம்மா பக்கத்துல உக்காரு” என்பாரே, அது வழக்கத்துக்குச் சொன்னதுதானா? அதே அம்மா, எனக்கு அம்மை போட்டபோது இருபது நாள் உப்பில்லாமல் சாப்பிட்டார். அதை நினைத்தால் இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

உன் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல். “உரிமைப் பொண்ணு, அத்தை மகனுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லித்தானே என்னை உங்க தலையில கட்டினாங்க? இப்ப அத்தை மகனே இல்லன்னா எப்படி?” என்கிறாள். அறுபது வயசுக்கு மேல் கல்யாணத்துக்கே ஆதாரம் கேட்கிறாள்.

போட்டுக்கொண்டிருந்த ஐந்தாவது படத்தைச் சுருட்டி பீரோ மேல் போட்டுவிட்டேன். இனி அது பற்றி எழுத வேண்டாம்.

உமாபதி


புனே
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

மன்னித்துவிடுங்கள். உமாபதி என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அப்பா என்ற சொல் இல்லாததைப் பார்த்து பாத்ரூமில் போய் அழுதேன்.

எழுத வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் இதை ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கெட்டவர்கள் யாரும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். மணியம்மாளுக்குத் தெரிந்திருக்கும், சரியாகத்தான் கொடுத்திருப்பார். ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகத்தை நான்தான் கொண்டுவந்தேன், அதனால் தீர்க்கும் வழியையும் நான்தான் சொல்ல வேண்டும். மணியம்மாளுக்கு அதன் பிறகு பிறந்தவர்கள் யாராவது இருந்தால், அவரும் நீங்களும் ஆளுக்கொரு குழாயில் எச்சில் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் போதும். அண்ணன் தம்பியா இல்லையா என்று ஒரு மாசத்தில் சொல்லிவிடுவார்கள்.

வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் கடிதத்தை நிறுத்தாதீர்கள்.

சுகா


பெரிய காஞ்சிபுரம்
20 மே 2025

அன்புள்ள சுகாசினி,

ஏழு வாரம் எழுதாமல் இருந்தது தப்புதான். கோபம் பத்து நாளில் போய்விட்டது. மீதி நாளெல்லாம் குழப்பம்.

போன வெள்ளிக்கிழமை முசரவாக்கம் போய்வந்தோம். ஷேர் ஆட்டோவில் போகும்போது உன் அம்மா மடியில் ஒரு புடவைப் பை. “வெறுங்கையோட எப்படிப் போறது? வழக்கம்னா வழக்கம்தான்” என்றாள். மணியம்மாள் இல்லையே, யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்டேன். “போனாத் தெரியும்” என்றாள்.

மணியம்மாளின் இன்னொரு மகன் கண்ணாயிரம் இருக்கிறார். எனக்கு மூன்று வயது இளையவர். வாசலில் மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பெயர் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “தவிட்டண்ணன்!” என்றார். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயராம். நாற்பது வருஷமாக நான் போகாதது பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்த காரியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கடைசியில் உன் அம்மாதான் போட்டு உடைத்தாள். கண்ணாயிரம் பம்பை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் சொன்னது இதுதான். நான் அப்படியே எழுதுகிறேன்.

“எங்கம்மா பொங்கலன்னிக்கு ரெண்டு இலை தனியாப் போடும். ஒண்ணு போனவனுக்கு, ஒண்ணு இருக்கிறவனுக்குன்னு சொல்லும். எவன் போனவன், எவன் இருக்கிறவன்னு நான் கேட்டதில்ல. அது சொன்னதும் இல்ல. காஞ்சிபுரத்துல ஒரு பிள்ள வளருதுன்னு மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கும்.”

இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வருவது? பிறகு அந்தக் குழந்தையைப் புதைத்த இடத்தைக் காட்டினார். வயலாக இருந்ததை மனை போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். ‘இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல’ என்றார். அங்கே நின்றபோது, உள்ளே இருப்பது நானோ என்று தோன்றியது. வெயிலில் நின்றதால் இருக்கலாம். உன் அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அவள் புடவையைக் கண்ணாயிரத்தின் மனைவி வள்ளியிடம் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஆராய்ச்சி. “நடை அந்தாளு நடை. காதும் அதே காது. ஆனா மூக்கு மட்டும் எங்க அத்தை மூக்கு, அதுல சந்தேகமே இல்ல.” வாலாஜாபாத்தில் நமக்கு உறவே இல்லாத ஒரு டீக்கடைக்காரர் மூக்கும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ சொன்ன பரிசோதனையைக் கண்ணாயிரத்திடம் சொன்னேன். “துப்பணும்னா துப்பிட்டுப் போறேன், அதுல என்ன” என்றார். பயம் எனக்குத்தான். அண்ணன் தம்பி இல்லை என்று வந்தால் நிம்மதி. ஆமாம் என்று வந்தால்? காமாட்சியம்மாளின் பிள்ளை மண்ணுக்குள் கிடக்க, அவன் சோற்றையும் சட்டையையும் பெயரையும் நான் எழுபத்தோரு வருஷம் வைத்திருந்தேன் என்று ஆகும். அவன் மாமன் மகளையும்.

ஜூலை 24 ஆடி அமாவாசை. ஐயர் அம்மா பெயர் கேட்பார். போன வருஷம் பூட்டன் பெயர் தெரியாமல் நின்றேன். இந்த வருஷம் அம்மா பெயரே தெரியாமல் நிற்கப்போகிறேன். யார் பெயரைச் சொல்வது? நீ சொல்.

அப்பா


புனே
8 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

எனக்குத் தெரியவில்லைப்பா. இதுதான் உண்மை. நாலு தாள் எழுதிக் கிழித்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. மறுநாள், இதையெல்லாம் தோண்டியதே நான்தான், என் கையை வெட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. கண்ணாடியில் என் மூக்கைப் பார்க்கிறேன், காதைப் பார்க்கிறேன். அம்மா வழியில் நான் எப்படியும் காமாட்சியம்மாள் பிறந்த வீட்டுப் பேத்திதான். ஆனால் இப்போது முசரவாக்கத்து மஞ்சள் கல்லும் என்னை விடமாட்டேன் என்கிறது.

குழாய்கள் இரண்டையும் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. நான் கேட்க மாட்டேன். முடிவு வந்து என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாலும் சரி.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில் பெயில் ஆனபோது, அம்மாவுக்குத் தெரியாமல் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கிராஃப் தாளில் மயில் போட்டு எனக்குப் பெருக்கல் சொல்லித் தந்தது நீங்கள். அந்த ஆள் யார் மகன் என்று எனக்குத் தெரியாமல் போனாலும், நான் யார் மகள் என்று தெரியும்.

அமாவாசையன்று என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

சுகா


பெரிய காஞ்சிபுரம்
26 ஜூலை 2025

என் மகள் சுகாசினிக்கு,

அமாவாசையன்று குளத்தில் நல்ல கூட்டம். கண்ணாயிரமும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. எள்ளும் வாழைக்காயும் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். உன் அம்மா போன் போட்டிருக்கிறாள். என் பின்னால் நின்றுகொண்டார்.

ஐயர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். சிவகோத்திரம் என்றேன். அப்பா பெயர் சொன்னேன், தாத்தா பெயர், பூட்டன் பெயர். அம்மா பெயர் கேட்டார். வாய் அடைத்துக்கொள்ளும் என்று பயந்திருந்தேன். கேட்டதும் “காமாட்சியம்மாள்” என்று தானாக வந்துவிட்டது. மூன்று முறை தண்ணீர் விட்டேன். பிறகு “இன்னொரு அம்மா” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “மணியம்மாள்” என்றேன். அப்பாவுக்கு இரண்டு தாரம் என்று நினைத்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் யாரும் இல்லாதவர்களுக்கு, தண்ணீர் விட ஆள் இல்லாதவர்களுக்கு என்று ஒரு கை தண்ணீர் விடச் சொல்வார்கள். வருஷா வருஷம் அதை நான் அவசரமாக முடித்துவிட்டு எழுந்துகொள்வேன். இந்த முறை என் கை நின்றுவிட்டது.

“சாமி, இதுக்கு முன்னால ஒருத்தருக்குத் தனியா விடணும்” என்றேன்.

“பேரு?”

“வெக்கல.”

“கோத்திரம்?”

“தெரியாது.”

ஐயருக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. “என்ன உறவுன்னாவது சொல்லுங்க.”

நான் என்ன சொல்வது? பால் குடித்த உறவு என்பதா, என் பெயருக்குச் சொந்தக்காரன் என்பதா? அப்போது கண்ணாயிரம் என் தோள் வழியாக எட்டிச் சொன்னார்: “கூடப்பொறந்தவன் சாமி. எங்க ரெண்டு பேருக்கும்.”

ஐயர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. “சரி, விடுங்க” என்றார். விட்டேன். கண்ணாயிரமும் கையை நீட்டினார், அவர் கைமேலும் ஊற்றினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தில் அழுவதற்கு வெட்கமாகவும் இருந்தது. எழுபத்தோரு வருஷம் அந்தப் பிள்ளைக்கு யாரும் ஒரு கை தண்ணீர் விட்டதில்லை, சுகா.

நீ அனுப்பிய குழாய்கள் இரண்டும் சாமி மாடத்தில் இருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்த கண்ணாயிரம் பார்த்துவிட்டு, “துப்பட்டுமாண்ணா?” என்று கேட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். இந்த நாளை எப்போது வரும் என்று எனக்கும் தெரியவில்லை. நேற்று உன் அம்மா, “மூக்க மட்டும் டெஸ்ட் பண்ண முடியுமான்னு கேளுங்க” என்றாள். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. தீரவில்லை. காலையில் ஒரு அம்மா பிள்ளையாக எழுந்திருக்கிறேன், மத்தியானம் இன்னொரு அம்மா பிள்ளையாகச் சாப்பிட உட்காருகிறேன். ஆனால் பீரோ மேலிருந்து தாளை எடுத்துவிட்டேன். ஐந்தாவது படம் இதோடு இருக்கிறது. மணியம்மாளுக்குப் பச்சைக் கட்டம், கண்ணாயிரத்துக்குச் சிவப்புக் கட்டம், வள்ளிக்கும் ஒன்று. என்னுடைய சிவப்புக் கட்டத்தை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டுப் பென்சிலில் போட்டிருக்கிறேன். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் கட்டமும் பென்சில்தான். ஒன்றில் புள்ளி இருக்கிறது, இன்னொன்றில் இன்னும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு கட்டத்திலும் உமாபதி என்று எழுதியிருக்கிறேன். நீ கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அது மறுபடியும் கேட்கும், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இருவரும் ஒருவரா என்று.

என்ன அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாவிட்டால், கேள்வியை அப்படியே திறந்து வைத்துவிட்டு ஊருக்கு வா. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அப்பா